தூளின் எடையும் மலையின் எடையும்

தேயிலை புகை கக்காத பச்சைச் செல்வம், சுரங்கத்தைப் போல இயற்கையைத் தின்று வளரும் தொழில் அல்ல என்பது இலங்கையின் ஹட்டன் மலைகளைப் பற்றிப் பலருக்கும் உள்ள நம்பிக்கை. ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் 1884இல் அந்த ரயில் ஹட்டனுக்கு ஏறியதே, தோட்டத்து விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவும் அரிசியை மேலே கொண்டுவரவும்தான். அதற்கு முன்பே 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாக்கியது. காடு எரிந்து கோப்பி வந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகளின் கைக்குப் போயின. பயிரும் துரைமாரும் மாறினாலும் ஒன்றை மட்டும் மொத்தமாக விற்று மற்றதையெல்லாம் வெளியே வாங்கும் முறை மாறவில்லை.

சுங்கத் தராசில் தூள் மட்டுமே ஏறுகிறது. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதை வாட்டிக் காயவைக்க ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஒன்று முதல் இரண்டு கிலோ விறகு எரியும். கொழுந்தோடு போகும் தழைச்சத்துக்கு ஈடாகக் கப்பலில் யூரியா வருகிறது. அடர்ந்த தேயிலை மண்ணைப் பிடித்துவைக்குமே என்பார்கள். பிடித்துவைக்கும்தான், ஆனால் கவ்வாத்து வெட்டிய மலையிலும் செடி செத்து வெறிச்சோடிய மலையிலும் மழை நேரே மண்ணில் அடிக்கிறது. டிக்கோயாச் சரிவில் கரையும் மண், நீர்மின்சாரத்துக்கான காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது. தேயிலையின் செலவு மின்சாரத்தின் கணக்கில் விழுகிறது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் நீங்கியது. அந்த ஆண்டு சுமார் 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடியாகச் சரிந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு. உரமில்லாமல் தேயிலை இல்லை என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். எடையை நம்பி நிற்கும் முறையை அப்படியே வைத்துக்கொண்டு உரத்தை மட்டும் பிடுங்கினால் இப்படித்தான் ஆகும் என்பதற்கே அது சான்று. டொலர் வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் தூளை மூட்டையாக ஏலத்தில் விடாமல் இங்கேயே பக்கெட்டில் அடைத்து விற்றால், கூடுதல் கொழுந்தில்லாமலே கூடுதல் டொலர் வரும். எடை கூடினால்தான் வருமானம் என்ற கணக்கு கொழுந்துக்காரி வரை இறங்கியிருக்கிறது: தராசில் கிலோ குறைந்தால் அவளுக்கு அன்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.