வாங்கிய கருவி ஓட வேண்டும்

1970-களில் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஒரு நல்ல முடிவை எடுத்தது. விலையுயர்ந்த ஆய்வுக் கருவிகளை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே வாங்க முடியாது. வட்டாரத்துக்கு ஒரு மையத்தில் அவற்றை வைத்து, சுற்றியுள்ள எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்பதே அந்த முடிவு. ஐ.ஐ.டி. மெட்ராஸ், ஐ.ஐ.டி. பம்பாய், லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் அப்படித்தான் வட்டாரக் கருவி மையங்கள் வந்தன. இன்று அவற்றுக்கு ‘சைஃப்’ என்று பெயர். நெல்லையிலோ காரைக்குடியிலோ ஆய்வு செய்யும் மாணவர், சிறு குப்பியில் சாம்பிளைப் போட்டு, படிவத்தோடு சென்னைக்கு அனுப்பிவிட்டு ரீடிங் வரும்வரை காத்திருப்பது இரண்டு தலைமுறை ஆய்வாளர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

இப்போது ‘ஃபிஸ்ட்’, ‘பர்ஸ்’ போன்ற அரசுத் திட்டங்களின் நிதியால் பல பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும்கூட மையக் கருவிக்கூடங்கள் வந்துவிட்டன. திறப்பு விழாவுக்குத் துணைவேந்தர் வருகிறார், ரிப்பன் வெட்டுகிறார், படம் மறுநாள் நாளிதழில் வருகிறது. அந்தக் கூடங்களைப் பல ஆண்டுகளாக நடத்திவருபவர்களிடம் உட்கார்ந்து பேசினால், அவர்கள் திறப்பு விழாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான்காவது ஆண்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வாரண்டி முடிந்து, திட்ட நிதி தீர்ந்து, கருவியை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் வேறு வேலைக்குப் போய்விடும் ஆண்டு அது. கருவியை வாங்குவதற்குப் பணம் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். ஓட்டுவதற்கான பணத்தையும் ஆளையும் தேடி வைப்பதுதான் இந்த நிர்வாகத்தின் முக்கால்வாசி வேலை. பழுதான கருவிகளைச் சரிசெய்து மீண்டும் ஓடவைக்கவே அறிவியல் தொழில்நுட்பத் துறை ‘சுப்ரீம்’ என்று தனியாக ஒரு திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. நோய் எங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அனுபவசாலிகள் முதலில் சொல்லும் யோசனை, டெண்டர் போடும்போதே நான்காவது ஆண்டை நினைக்க வேண்டும் என்பது. உதிரி பாகங்களையும் சேர்த்த முழுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பொதுவாகக் கருவியின் விலையில் ஆண்டுக்கு 5 முதல் 10 சதவீதம் வரை கேட்பார்கள். வாங்கி முடித்த பிறகு பேரம் பேசினால் நிறுவனம் சொல்வதுதான் விலை. அந்தக் கருவியைத் தொட வேறு ஆள் கிடையாது. ஆகவே வாரண்டிக்குப் பிந்தைய 5 ஆண்டுகளின் பராமரிப்புக் கட்டணத்தையும் விலைப்புள்ளியிலேயே கேட்டு வாங்கி, இரண்டையும் கூட்டித்தான் எது மலிவு என்று முடிவு செய்ய வேண்டும். விலையில் குறைந்ததாகத் தெரிந்த கருவி, 8 ஆண்டுக் கணக்கில் எல்லாவற்றையும்விட அதிகச் செலவு வைப்பது அடிக்கடி நடக்கிறது. சாதாரணப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பொறியாளரின் வருகை மட்டுமே அடங்கும், உதிரி பாகம் அடங்காது. கையெழுத்துப் போடும் நிதி அலுவலருக்கு இந்த வேறுபாட்டை எழுத்தில் விளக்கிவிடுவது நல்லது.

அடுத்தது அறை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியை லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் வைத்தால், லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் படம் அலையும். நகரும் இரும்பு சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கலைக்கும். மின்சாரத்தில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அழுத்தம் ஓரிரு வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்று கருவி நிறுவனங்கள் கேட்கும். நம் பழைய கட்டடங்களில் அதை அளந்து பார்த்தால் தலை சுற்றும். கடலோர ஊர்களில் ஈரப்பதம் தனித் தொல்லை. அகச்சிவப்பு நிறமாலைக் கருவியின் உள்ளே இருக்கும் பொட்டாசியம் புரோமைடு ஒளியியல் பாகங்கள் ஈரத்தை உறிஞ்சி மங்கிப்போகும். இரவில் ஏ.சி.யை நிறுத்திச் சிக்கனம் செய்யச் சொல்லும் சுற்றறிக்கை வந்தால், மங்கிய பாகத்தை மாற்ற ஆகும் செலவைச் சொல்லி விலக்கு வாங்கிவிட வேண்டும். உள்ளே இருக்கும் சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பார்த்து மாற்றும் பொறுப்பு யாருக்கு என்று பெயர் போட்டு எழுதி ஒட்டிய கூடங்களில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் எழுவதில்லை.

கட்டணம் என்று பேச்செடுத்தாலே பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். “நம்ம பசங்ககிட்டயே காசு வாங்கறதா சார்?” என்பார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு கணக்குதான் பதில். ஒரு கருவிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் 8 லட்சம், அதை இயக்குபவரின் சம்பளம் 6 லட்சம், வாயு, கரைப்பான், இழை போன்ற நுகர்பொருள்கள் 3 லட்சம், மின்சாரமும் ஏ.சி.யும் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20 லட்சம். 240 வேலை நாள், நாளுக்கு 6 மணி என்று போட்டால் 1,440 மணி வரும். அளவுத்திருத்தம், பழுது, பயிற்சி எல்லாவற்றையும் கழித்தால் 1,000 மணி தேறினால் பெரிது. மணிக்கு 2,000 ரூபாய் உண்மையான செலவு. சொந்த மாணவர்களிடம் 500 ரூபாய்தான் வாங்குவோம் என்று முடிவு செய்யலாம், தவறில்லை. ஆனால் அவர்கள் 600 மணி பயன்படுத்தினால் 9 லட்சம் துண்டு விழும். அதை எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து யார் கொடுப்பார்கள் என்பது ஆண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். தொழிற்சாலைகளிடம் கூடுதலாக வாங்கி ஈடுகட்டலாம். எவ்வளவு மணி அவர்களுக்கு என்பதற்கும் வரம்பு வைக்காவிட்டால் மாணவர் வரிசை நீண்டுகொண்டே போகும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கு அரசின் செலவு விதியே இருக்கிறது. கூட்டரசு நிதியைத் தொடும் பகிர்வுக் கூடம் ஆகும் செலவை மீட்கலாம், லாபம் வைக்கக்கூடாது. கூட்டரசு நிதியில் ஆய்வு செய்பவருக்கு ஒரு கட்டணம், வளாகத்தின் மற்ற ஆய்வாளருக்கு வேறு கட்டணம் என்று பாகுபாடு காட்டக்கூடாது. குறைந்தது 2 ஆண்டுக்கு ஒருமுறை, முந்தைய வரவு செலவின் மிச்சத்தையும் பற்றாக்குறையையும் சேர்த்துக் கட்டணத்தைத் திருத்தியாக வேண்டும். கடைசி நிபந்தனையை நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பத்தாண்டுக்கு முன் போட்ட கட்டணப் பட்டியலை இன்றும் வைத்திருக்கும் கூடங்கள் நம்மிடம் எத்தனையோ இருக்கின்றன.

முற்றிலும் இலவசமாக விட்டால் என்ன ஆகும்? ஸ்லாட் பதிவு செய்துவிட்டு ஆள் வராமல் இருப்பது பெருகும். 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யாவிட்டால் முழுக் கட்டணம் என்ற ஒரு வரி விதி இதைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. கட்டணம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. அது கைடின் திட்டக் கணக்கிலிருந்து போகிறது என்பதால் கைடே மாணவரைக் கேட்பார்.

நேரப் பங்கீட்டில்தான் மனக்கசப்புகள் முளைக்கின்றன. பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைப்பது போல, யார் முறை எப்போது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தால் பாதிச் சண்டை இல்லை. புதுடெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் இதற்கு நல்ல உதாரணம். 1984-இல் அணு அறிவியல் மையம் என்ற பெயரில் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய அந்த மையத்தில், பெல்லட்ரான் முடுக்கியின் கற்றை நேரம் 8 மணி ஷிப்டுகளாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஆய்வாளர்கள் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பயனாளர் குழு பரிசீலித்து ஷிப்டுகளை ஒதுக்கும். கடைக்கோடிப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவருக்கும் பெரிய நிறுவனத்துப் பேராசிரியருக்கும் வழி ஒன்றுதான்.

சிறிய கூடத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஆனால் விதி வேண்டும். மார்ச்சில் நிதியாண்டு முடிகிறது, திட்டப் பணத்தைச் செலவழிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலத்தில் இன்னொரு கூட்டம்.

“மேடம், ஒரே ஒரு சாம்பிள்தான். இன்னைக்குப் போட்டுத் தர முடியுமா? திங்கட்கிழமை சினாப்சிஸ்.”

“தம்பி, அவசரத்துக்குன்னு வாரத்துல வெள்ளி மதியம் ஒதுக்கி வச்சிருக்கோம். படிவத்துல கைடு கையெழுத்து வாங்கிட்டு வா, அதுல போட்டுடலாம்.”

இப்படி ஒரு பதிலைச் சொல்ல முடிகிற கூடமே நன்றாக நடக்கும் கூடம். அவசரம் வராது என்று பாசாங்கு செய்யாமல், அதற்கென்று சில மணிகளை ஒதுக்கிவிட்டார்கள். துறைத் தலைவரின் தொலைபேசி வந்தாலும் அதே வெள்ளிக்கிழமைதான். தொழில்நுட்ப அலுவலர் ஒருவர் தனியாக நின்று மூத்த பேராசிரியருக்கு மறுப்புச் சொல்ல முடியாது; சொல்லும்படி அவரை விடுவதும் அநியாயம். பயனாளர் குழு ஒன்று இருந்து, அது வகுத்த விதி சுவரில் இருந்தால் அவர் விரலை நீட்டிக் காட்டிவிடலாம்.

சாம்பிள் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். பல இடங்களில் அதைப் பெயர், துறை, எண்ணிக்கை என்று மூன்று கட்டத்தோடு முடித்துவிடுகிறார்கள். ‘இது காந்தத் தன்மை உள்ளதா?’ என்ற ஒரு கேள்வி ஊடுருவு எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்றைக் காப்பாற்றும். ஒட்டாத இரும்பு ஆக்சைடு நுண்தூள், உள்ளே இருக்கும் லென்ஸின் வலுவான காந்தப்புலத்தில் பறந்து போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைத்தெடுக்கக் கருவியைத் திறக்க வேண்டியிருக்கும். ‘கரைப்பான் முழுவதும் உலர்ந்துவிட்டதா?’ என்ற கேள்வி வெற்றிடத்தைக் காக்கும். நிறை நிறமாலைக் கருவிக்கு ‘டிடர்ஜென்ட், பாலிஎத்திலீன் கிளைக்கால் ஏதாவது கலந்திருக்கிறதா?’ என்று கேட்க வேண்டும். ஒருவர் கொண்டுவந்த பாலிமரின் சிகரங்கள் அடுத்து வரும் பலரின் முடிவுகளிலும் தலைகாட்டும்; பாவம், அவர்கள் புதிய சேர்மம் கண்டுபிடித்துவிட்டதாகக்கூட நினைத்துக்கொள்வார்கள். நச்சுத்தன்மை, கிருமி, கதிரியக்கம் பற்றிய கேள்விகள் இயக்குபவரின் உயிர் சம்பந்தப்பட்டவை. பதில் இல்லாத படிவத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்.

யார் கருவியைத் தொடலாம் என்பதில் இரு கட்சிகள் உண்டு. எல்லாவற்றையும் ஊழியரே செய்ய வேண்டும் என்பது ஒன்று. மாணவரே கற்று ஓட்ட வேண்டும் என்பது மற்றொன்று. என் எண்ணம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனமும் ஐ.ஐ.டி. பம்பாயும் நானோ மின்னணுவியலுக்காக வெளி ஆய்வாளர்களுக்கு நடத்திய பயனாளர் திட்டத்தில் முதலில் அறிமுகப் பட்டறை, பிறகு நேரடிப் பயிற்சி, அதன் பிறகே சொந்த ஆய்வு என்று படிகள் வைத்திருந்தார்கள். வளாகத்துக் கூடங்களிலும் அதைச் சிறிய அளவில் செய்யலாம். பயிற்சி, மேற்பார்வையில் ஓட்டுதல், ஒரு சிறு தேர்வு, பிறகு அனுமதி. ஆறு மாதம் வராதவருக்கு அனுமதி காலாவதியாக வேண்டும், ஏனென்றால் ஒளி நுண்ணோக்கியில் எண்ணெய் போடும் லென்ஸ் எது, போடாத லென்ஸ் எது என்பது ஆறு மாதத்தில் மறந்துபோகிறது. அணுக் காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) நிறமாலைக் கருவியில் சாம்பிள் மாற்றுவதைக் கற்றுக்கொடுக்கலாம். குளிர் திரவங்களை நிரப்புவதைக் கண்டிப்பாக ஊழியரே செய்ய வேண்டும்.

அந்தக் குளிர் திரவம் ஒரு தனிக் கவலை. என்.எம்.ஆர். கருவியின் மீகடத்திக் காந்தம் மைனஸ் 269 டிகிரியில், திரவ ஹீலியத்துக்குள் அமர்ந்திருக்கிறது. ஹீலியம் வற்றினால் காந்தம் தன் மீகடத்தும் தன்மையை இழந்து, மிச்சத் திரவம் முழுவதும் நிமிடங்களில் வாயுவாகிவிடும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாக விரிந்து அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். இந்தியாவுக்குத் தேவையான ஹீலியம் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. 2017-இல் கத்தார் மீது அண்டை நாடுகள் தடை விதித்தபோதும், 2022 ஜனவரியில் ரஷ்யாவின் அமூர் ஆலையில் விபத்து நடந்தபோதும் உலகெங்கும் ஆய்வகங்கள் தவித்தன. மட்டம் குறைந்த பிறகு கோப்பை நகர்த்துபவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஆண்டு முழுவதற்குமான கொள்முதல் ஆணையை ஏப்ரலிலேயே வாங்கி வைத்து, வாராவாரம் மட்டத்தைக் குறித்துவரும் கூடங்கள் தப்பித்துக்கொள்கின்றன.

இவ்வளவையும் சுமப்பவர் பல இடங்களில் ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் ஒரு தொழில்நுட்ப உதவியாளர். நான்காவது ஆண்டின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கருவி நிறுவனம் வந்து நிறுவும்போது தரும் பயிற்சியை ஒருவருக்கு மட்டும் கொடுத்தால், அவர் கிளம்பும் நாளில் கூடம் பாதி மூடிவிடும். குறைந்தது இருவராவது பயிற்சி பெற வேண்டும். அன்றாட இயக்க முறையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ, படத்தோடு எழுதி வைக்க வேண்டும். பிரிட்டனில் 2017-இல் தொடங்கிய தொழில்நுட்பர் உறுதிமொழியில் பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டு, இவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அங்கீகாரம் பெற வேண்டும், பணியில் வளர வேண்டும் என்று பொது வாக்குறுதி கொடுத்தன. இங்கே அதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வுக் கட்டுரையில் கூடத்துக்கு நன்றி சொல்வதைப் படிவத்திலேயே நிபந்தனையாக வைக்கலாம். இயக்குபவர் சோதனையை வடிவமைத்து முடிவைப் பகுத்தும் தந்திருந்தால் அவர் பெயர் ஆசிரியர் வரிசையிலேயே வர வேண்டும்.

பயன்பாட்டுப் பதிவேடு சலிப்பான வேலையாகத் தோன்றும். ஆனால் அடுத்த நிதி அதிலிருந்துதான் வருகிறது. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்களின் பகிர்வுக் கருவி நிதிக்கு விண்ணப்பிக்கவே குறைந்தது 3 முதன்மைப் பயனாளர்களைக் காட்ட வேண்டும். நம் நிதிக் குழுக்களும் எத்தனை மணி ஓடியது, வெளியார் எத்தனை பேர், எத்தனை நாள் பழுது என்றுதான் கேட்கின்றன. பழுது நாள்களை மறைக்காமல் எழுதினால், பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கேட்க அதுவே ஆதாரம். 2020 ஜனவரியில் பெங்களூர் அறிவியல் மாநாட்டில் பிரதமர் தொடங்கிவைத்த ‘ஐ-ஸ்டெம்’ இணையதளத்தில் நாடெங்கும் உள்ள கருவிகளைப் பதிந்திருக்கிறார்கள். அங்கே கருவியை ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. ஓடாத கருவியை ஓடுவதாகக் காட்டி, மாற்றலாகிப் போனவரின் தொலைபேசி எண்ணையும் விட்டுவைத்தால், எங்கோ ஒரு மாணவர் வீணாக அலைவார். மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து சரிபார்த்தால் போதும்.

ஒவ்வொரு கருவிக்கும் ஓய்வு பெறும் நாள் உண்டு. உதிரி பாகம் இனி கிடைக்காது என்று நிறுவனம் கடிதம் அனுப்பும். கூடவே இருக்கும் கணினி இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, பழைய தரவுகளை வேறு இடத்தில் பிரதியெடுத்து, கருவியை ஆய்விலிருந்து எடுத்துப் பாட வகுப்புக்கு மாற்றலாம். புதியதற்கான விண்ணப்பத்தை அந்தக் கடிதம் வந்த வாரமே எழுதத் தொடங்க வேண்டும். ஒப்புதல், டெண்டர், இறக்குமதி, நிறுவுதல் எல்லாம் முடிய இரண்டு ஆண்டுகள்கூடப் பிடிக்கும், அதுவரை மாணவர்களின் சாம்பிள்களை எந்தக் கூடத்துக்கு அனுப்புவது என்பதையும் அந்த விண்ணப்பத்தோடு சேர்த்தே பேசி முடித்துவிட வேண்டும்.