ஓர் ஊரை அறிதல்: நசரத்பேட்டை தரும் பாடம்

நமது ஊரின் எல்லை எது? அதன் நீர் எங்கிருந்து வந்து எங்கே செல்கிறது? அதன் பொதுச் சொத்து எவ்வளவு? இம்மூன்று வினாக்களுக்கும் தயக்கமின்றி விடை கூற வல்லவரே பஞ்சாயத்தின் சிறந்த அங்கத்தினராவார். தெரு விளக்கும் குடிநீர்க் குழாயுமே ஊராட்சியின் வேலை என்று எண்ணுவோர் உளர். ஓர் ஊரை எடுத்துக்கொண்டு அதன் நிலம், வரலாறு, ஆட்சிமுறை ஆகியவற்றை ஆராய்ந்தால், அவ்வேலை எவ்வளவு பெரியது என்பது விளங்கும். அதற்கென, சென்னையின் மேற்கு விளிம்பில் அமைந்த நசரத்பேட்டையைத் தேர்ந்துகொள்வோம். நகரம் கிராமத்தின் வாயிற்படிக்கு வந்துவிட்ட இடத்தில்தான் ஊராட்சியின் அருமை தெளிவாகத் தெரியும்.

நிலமும் நீரும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பூவிருந்தவல்லியைக் கடந்ததும் நசரத்பேட்டை வருகிறது. 1997ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது இவ்வூர். வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை, பெங்களூர் சாலையை இவ்வூர் அருகில்தான் குறுக்கிடுகிறது.

இப்பகுதி சமவெளி; வற்றாத ஆறு இல்லை. ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்கிறது. அதனைத் தேக்கி ஆண்டு முழுதும் பயன்படுத்தவே முன்னோர் ஏரிகளை வெட்டினர். அவை தனித்தனியே நிற்பன அல்ல. மேல் ஏரி நிரம்பியதும் கலங்கல் வழியே வழியும் நீர், கால்வாயின் மூலம் கீழ் ஏரியை அடைகிறது. ஆகவே, ஓர் ஊரார் கால்வாயைத் தூர்த்தால் அடுத்த ஊரார் வயல் காய்கிறது. அதே கால்வாய் அடைபட்டுக் கிடந்தால் மழைக்காலத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுகிறது.

அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி இதற்குப் பெரியதொரு சான்று. 24 அடி ஆழமும் 364 கோடியே 50 இலட்சம் கன அடிக் கொள்ளளவும் உடைய இவ்வேரி, சென்னைக்குக் குடிநீர் அளிக்கிறது. 2015 டிசம்பர் மாதப் பெருமழையில் இதிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை உபரிநீர் திறக்கப்பட்டு அடையாற்றின் வழியே சென்றது. கரையோரப் பகுதிகள் அடைந்த துயரத்தை யாவரும் அறிவர். நீரின் பாதையை மறந்துவிடும் ஊர் எதுவாயினும், அதனை நீர் மறப்பதில்லை.

நேற்றைய ஆட்சி

நசரத்பேட்டை அமைந்துள்ள தொண்டை மண்டலம் ஊராட்சிக்குப் புதியதன்று. இம்மண்டலத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை அவை விவரிக்கின்றன. ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் இருந்தது. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். அச்சபையில் பெண்களுக்கும், நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் இடமில்லை என்பது அதன் பெருங்குறை. எனினும், ஏரிக்கு ஒரு வாரியம், பதவிக்கு ஒரு கணக்கு என்ற இரண்டு நெறிகளும் இன்றும் நமக்கு வேண்டுவனவே.

1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் இச்சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்தில் நெல்லைப் பங்கிடுமுன், ஊர்ப் பணியாளருக்கும் ஊரின் பொதுக் காரியங்களுக்கும் பங்குகள் ஒதுக்கப்பட்டதை அக்கணக்குகள் காட்டுகின்றன. வருவாய் முழுதும் கஜானாவுக்குச் சென்ற பின்னரே அவ்வழக்கம் தேய்ந்தது. ஏரிப் பராமரிப்பும் ஊராரின் கையைவிட்டு அகன்றது.

இன்றைய ஆட்சி

1958ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் பஞ்சாயத்து ஒன்றியங்களை ஏற்படுத்தியது. இன்று நடைமுறையிலுள்ளது 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 40 ஹெக்டேருக்குட்பட்ட ஆயக்கட்டு உடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையைச் சார்ந்தவை. 2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் ஊராட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. உத்திரமேரூர்ச் சபையின் குறை ஒன்று இவ்வாறு நீங்கியது.

இச்சட்டத்தின் உயிர்நாடி கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகியனவும் 2022இல் சேர்க்கப்பட்டன. 500 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் கூடினால்தான் சபை நிறைவுடையதாகும்.

2016 அக்டோபரில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தபின், 2019 டிசம்பர் வரை தேர்தல் நடைபெறவில்லை. அத்தேர்தலில் திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலமும் 2025 ஜனவரி 5இல் முடிவுற்று, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தலைவருக்கும் அங்கத்தினருக்கும் பதவிக்காலம் உண்டு. கிராம சபைக்கு இல்லை. எந்நாளும் கலையாத மன்றம் அது ஒன்றே.

கடல் கடந்த ஒரு சான்று

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நகரங்களை ஒட்டிய பல ஊராட்சிகளை நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் இணைக்கும் அறிவிப்புகள் வெளியாயின. எல்லை மாறும்போது ஊரார் எதனைக் கவனிக்க வேண்டும் என்பதற்குக் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தைக் காண்போம்.

அங்கு 1786ஆம் ஆண்டில் மாவட்டங்கள் ‘பாரிஷ்’ என்னும் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டன. கோயிற்பங்கைக் குறித்த அச்சொல், அங்கே நில நிர்வாகப் பிரிவின் பெயராயிற்று. பின்னர், ஒவ்வொரு பாரிஷும் மாவட்ட சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. ஏழை மாவட்டங்களால் பள்ளியையும் மருத்துவமனையையும் நடத்த முடியவில்லை. ஆகவே, 1967இல் மாகாண அரசு அப்பொறுப்புகளை ஏற்றுக்கொண்டு மாவட்ட சபைகளைக் கலைத்தது. ஏழைக் குழந்தைக்கும் சமமான பள்ளி கிடைத்தது. இது பெரும் நன்மையே. ஆயின், நாட்டுப்புற மக்கள் தாம் தேர்ந்தெடுத்த சபையின்றி அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தனர். 2023 ஜனவரி 1 முதல்தான் அப்பகுதிகள் அருகிலுள்ள உள்ளாட்சிகளோடும் புதிய நாட்டுப்புற மாவட்டங்களோடும் சேர்க்கப்பட்டன. பாரிஷின் பெயரும் எல்லையும் நில ஆவணங்களில் நிலைத்தன. கூடிப் பேசி முடிவு செய்யும் உரிமையோ நழுவியிருந்தது. வசதி பெருகுவது வேறு, வாய் இருப்பது வேறு. இரண்டும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, ஊரின் ஏரி, குளம், கால்வாய், மேய்ச்சல் நிலம், சுடுகாடு ஆகிய பொதுநிலங்கள் அனைத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கொண்டு சர்வே எண், பரப்பு, எல்லை ஆகியவற்றோடு பட்டியலிட வேண்டும். அப்பட்டியலைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்தல் வேண்டும். ஊராட்சி அலுவலகம் இடம் மாறலாம். தீர்மானம் சாட்சியாக நிற்கும்.

இரண்டாவதாக, புரட்டாசி பிறக்குமுன் அங்கத்தினரும் விவசாயிகளும் ஒன்றுசேர்ந்து, மேல் ஏரியின் கலங்கலிலிருந்து கீழ் ஏரி வரை கால்வாயின் வழியே நடந்து பார்க்க வேண்டும். உயர்ந்த சாலை கால்வாயைக் கடக்கும் இடங்களில் அடிப்பாலத்தின் கண்கள் அடைபட்டுள்ளனவா என்று குறித்துக்கொண்டு, நெடுஞ்சாலைத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் எழுத வேண்டும்.

மூன்றாவதாக, வரவு செலவுக் கணக்கைச் சபையில் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்பது குற்றம் காண்பதாகாது. அது குடிமக்களின் கடமை.

நான்காவதாக, நகரோடு இணையும் நிலை வந்தால், வீட்டு வரி என்னவாகும், ஊரக வேலைத் திட்டம் நின்றபின் கூலியாளரின் வழி என்ன, சிற்றேரியைப் பேணுவோர் யார் என்ற வினாக்களை முன்கூட்டியே எழுத்தில் வைக்க வேண்டும். இணைந்துவிட்ட ஊரார், 2022ஆம் ஆண்டு விதிகளின்படி நகரங்களில் அமையும் பகுதி சபைகளில் தவறாது கலந்துகொள்ள வேண்டும்.

நசரத்பேட்டையைப் போன்ற ஊர்கள் நமது மாநிலத்தில் பல. இன்று நெல் விளையும் ஊர்களில் பலவும் நாளை அந்நிலையை அடையக்கூடும். எல்லைக் கல்லை நடுவதும் பிடுங்குவதும் அரசின் வேலை. அதற்குள் இருக்கும் நீரையும் நிலத்தையும் அறிந்து, அவற்றின் கணக்கைக் கேட்டுக் கூடியிருத்தல் ஊராரின் வேலை. அடுத்த கிராம சபைக்குச் செல்லும்போது நமது ஏரியின் சர்வே எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு செல்வோமாக.