கூரை ஓட்டில் பாசி: அதன் தீங்கும் பரிகாரமும்

மழைக்காலம் முடிந்ததும் வரப்பைச் சீர்படுத்துகிறோம். வாய்க்காலைத் தூர் வாருகிறோம். கலப்பையையும் கயிற்றையும் பத்திரப்படுத்துகிறோம். ஆனால் தலைக்கு மேலிருக்கும் கூரையை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. ஒழுக்குக் கண்ட பின்னரே ஓடு மாற்றுகிறவரைத் தேடுவது நம்மில் பெரும்பாலோர் வழக்கமாயிருக்கிறது. அவ்வொழுக்குக்குப் பல வீடுகளில் காரணமாயிருப்பது பாசியே. வீட்டில் விதை நெல்லும் தானியமும் சேர்த்து வைக்கும் குடியானவர்கள் இதை அற்ப விஷயமென்று தள்ளலாகாது.

பாசியின் வகைகள்

கூரையில் படர்வது எதுவாயினும் அதைப் பாசி என்றே நாம் சொல்லுகிறோம். உண்மையில் அது மூவகைப்படும். முதலாவது, கறுப்பாகவோ பச்சையாகவோ மெல்லிய பூச்சுப்போல் படிவது. இது வழுக்கும், பார்வைக்கு அழகாயிராது, ஆயினும் ஓட்டுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. இரண்டாவது, சாம்பல் நிறத் தேமல்போல் ஒட்டியிருப்பது. கறிக்கு வாசனைக்காகச் சேர்க்கும் கல்பாசி இவ்வினத்தைச் சேர்ந்ததே. இது மிக மெதுவாய் வளரும். பலவந்தமாய்ச் சுரண்டினால் ஓட்டின் மேற்பரப்பும் பெயர்ந்து வரும். ஆகையால் இதைத் தொடாமல் விடுவதே நலம். மூன்றாவது, பச்சை மெத்தைபோல் திரண்டு வளர்வது. நாம் அஞ்ச வேண்டியது இதற்கே.

வளரும் விதம்

மெத்தைப் பாசிக்கு உண்மையான வேர் இல்லை. மயிரிழை போன்ற நார்களால் ஓட்டைப் பற்றிக்கொண்டு, நீரைப் பெரும்பாலும் தன் இலைகளாலேயே உறிஞ்சுகிறது. பூவும் விதையுமின்றி, தூள் போன்ற நுண்வித்துக்களால் காற்றில் பரவுகிறது. வெயிலில் சருகாய்க் காய்ந்தாலும் எளிதில் சாவதில்லை; மழை கண்டதும் மீண்டும் பச்சையாகிவிடும். காய்ந்துபோயிற்றென்று எண்ணி விட்டுவிடுகிறவர்கள் ஏமாறுவது இதனாலேயே. மரநிழல், சாய்வுக் குறைவு, சருகுக் குப்பை, காற்றோட்டமின்மை ஆகிய நான்கும் இதற்கு உற்ற துணைகள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெறும் கன்னியாகுமரி, செங்கோட்டைப் பக்கங்களில் இது விசேஷமாய்ச் செழிக்கின்றது.

விளையும் தீங்கு

1865-ல் மங்களூரில் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை ஏற்படுத்திய பின்னர், மங்களூர் ஓடு தென்னாடெங்கும் பரவிற்று. இவ்வோட்டில் மழைநீர் ஓடுவதற்குத் தடமும், ஓட்டோடு ஓடு பொருந்துவதற்கு விளிம்பும் உண்டு. பாசி இத்தடத்தை அடைத்தால் நீர் தேங்கி, விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கும். ஓடுகள் ஒன்றன்மேலொன்று படியும் இடுக்கில் பாசி புகுந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நீர் மேல்நோக்கியும் ஏறும். பின்னர் ரீப்பரும் கைம்மரமும் நனைகின்றன. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்பட்டு நீடித்திருப்பின், மரத்தை மக்கச் செய்யும் காளான்கள் பற்றிக்கொள்ளும். கரையானும் ஈர மரத்தையே நாடி வரும்.

என் அனுபவம் ஒன்று

தென்காசிப் பக்கத்திலுள்ள எங்கள் பூர்வீக வீட்டில், ஓராண்டு ஐப்பசித் துவக்கத்தில், மழை நெருங்கிவிட்டதென்று அவசரப்பட்டு ஈரப் பாசியைச் சுரண்டினேன். பெயர்ந்த கட்டிகள் இரு கூரைகளுக்கு நடுவிலுள்ள தகர வாய்க்காலில் விழுந்து கிடந்தன. காலையில் அள்ளலாமென்று இறங்கிவிட்டேன். அன்றிரவே பெருமழை பெய்தது. வாய்க்கால் அடைபட்டு, நீர் வழிந்து களஞ்சிய அறைக்குள் இறங்கிற்று. பிசான நாற்றங்காலுக்கென்று வைத்திருந்த விதை நெல் மூட்டைகள் நனைந்து, சில நாட்களுக்குள் சூடேறி முளை கண்டன. விதை நெல்லின் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படலாகாதென்று ஊரூராய்ப் போதித்துவந்த நான், விதைக்குப் பிறரிடம் கையேந்த வேண்டியதாயிற்று. என் தகப்பனார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிருந்தது.

பரிகாரம்

1. தை, மாசி மாதங்களில், பாசி நன்றாய்க் காய்ந்திருக்கும் நாளில் இவ்வேலையைச் செய்க. மழை மேகம் கண்ட பின் தொடங்கலாகாது.

2. கூரையின்மேல் கவியும் கிளைகளை முதலில் வெட்டுக. வெயிலும் காற்றும் படுவதே சிறந்த மருந்து.

3. ஓட்டின்மேல் நேரே மிதிக்கலாகாது. கைம்மரங்களின் மேல் பாரம் தாங்குமாறு பலகை அல்லது ஏணியைப் படுக்கவைத்து, அதை முகட்டில் உறுதியாய்க் கட்டுக. ஏறுகிறவர் இடுப்பிலும் கயிறு கட்டவேண்டும். தனியே ஏறுதல் கூடாது. ஒரு ஓட்டின் விலை அற்பம். இடுப்பொடிந்தவரின் குடும்பம் படும் பாடு அற்பமன்று.

4. மூங்கில் சீவலாலும் ஈர்க்கு விளக்குமாற்றாலும் முகட்டிலிருந்து கீழ்நோக்கித் தள்ளுக. கீழிருந்து மேலாகத் தள்ளினால் குப்பை இடுக்கில் புகும். இரும்புச் சுரண்டி ஓட்டைக் கீறும். விசைக்குழாய் நீர் ஓட்டைத் தேய்த்து, இடுக்கினுள் நீரைச் செலுத்தும்.

5. தகர வாய்க்காலை அன்றைக்கன்றே சுத்தம் செய்க. உடைந்த ஓட்டை மாற்றுக. ரீப்பரைக் கத்தி முனையால் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கினால் புதுக்குக.

6. தள்ளிய பாசியை எருக்குழியில் இடலாம். மருந்து தெளித்ததாயின் இடலாகாது.

மயில்துத்தக் கரைசல் தெளித்தால் பாசி சாகும் என்பது மெய்யே. ஆயினும் அது தகர வாய்க்காலை அரிக்கும்; ஓடி விழும் குட்டையில் மீன்களைக் கொல்லும். ஆகையால் கைவேலையே போதுமான இடத்தில் அதைத் தவிர்க்கவும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆதலால் கூரையைச் சுத்தம் செய்யும்போது தொட்டிக்குச் செல்லும் குழாயைக் கழற்றிவைத்து, முதல் மழையின் நீரை வெளியே விட்ட பின்னரே மீண்டும் பொருத்தவேண்டும். பள்ளிக்கூடம் முதலிய பொதுக் கட்டிடங்களில் பழைய கல்நார்த் தகடு வேய்ந்திருந்தால், அதன் பாசியைச் சுரண்டவோ தேய்க்கவோ இடங்கொடுக்கலாகாது. அதிலிருந்து கிளம்பும் நுண்ணிய தூசு நுரையீரலுக்குக் கொடிய கேடு விளைவிக்கும்.

ஆண்டுக்கொரு நாள் கூரைக்கென்று ஒதுக்குவோமாயின், அதன்கீழ் இருக்கும் விதையும் தானியமும் நமக்குத் தப்பாது நிற்கும்.