க்ஷயரோகமும் தவணை தவறுதலும்

திருக்கோவிலூர்ப் பக்கத்தில் கடன் வாங்கிய அங்கத்தினர் ஒருவர் தவணை தவறினால், அச்செய்தி உடனே சங்கத்தின் பேரேட்டில் ஏறிவிடும். க்ஷயரோகத்திற்கு மருந்துண்பவர் நடுவில் நிறுத்திவிட்டாலோ, அவர் மறுபடியும் படுக்கையில் விழும் வரையில் அண்டை வீட்டாருக்குக்கூடத் தெரிவதில்லை. முன்னதைவிடப் பின்னதே பெரிய நஷ்டம்.

இந்நோய் முன்வினைப் பயன் என்று எண்ணுவோர் இன்றும் உளர். அது கிருமியால் உண்டாவதென்பதை 1882-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்னும் வைத்தியர் எடுத்துக்காட்டினார். நோயாளி இருமும்போது கிருமி காற்றில் கலந்து பிறரைச் சேருகிறது. உண்ட தட்டினால் அது பரவுவதில்லை. ஆகவே தனித் தட்டு வைத்து அவரை ஒதுக்குவது வீண் கொடுமையேயன்றி வேறில்லை.

முற்காலத்தில், 1928-ல் ஏற்பட்ட தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் தங்கினாலன்றிக் குணமில்லை என்று கருதினர். அக்கருத்தை மாற்றியது சென்னையே. 1956-ல் அங்கு ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையத்தார், வீட்டிலிருந்தபடி மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்ததையும், வீட்டாருக்கு அதனால் அதிகமாகத் தொற்றவில்லை என்பதையும் 1959-ல் வெளியிட்டனர்.

சாதாரண க்ஷயத்திற்குச் சிகிச்சை ஆறு மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஓரிரு மாதத்திலேயே இருமல் தணிந்து பசியெடுக்கும். கஷ்டம் ஆரம்பிப்பது அங்கேதான். குணமாயிற்று என்றெண்ணி, கல்வராயன் மலையிலிருந்து வெளியூருக்குக் கூலி வேலைக்குச் செல்பவர் மருந்தை வீட்டில் விட்டுச் சென்றால், எஞ்சிய கிருமி அம்மருந்துக்கு அடங்காததாகித் தலையெடுக்கக்கூடும். புறப்படுமுன் சுகாதார நிலையத்தில் தெரிவித்தால், போகும் ஊரிலேயே மருந்து கிடைக்க ஏற்பாடு செய்வார்கள்.

2012-ம் வருஷம் மே மாதம் முதல் தனியார் வைத்தியரும் ஒவ்வொரு நோயாளியையும் சர்க்காருக்குத் தெரிவித்தல் வேண்டும். இது தண்டனைக்கன்று, தவணை தவறுவோரைத் தேடிப் பிடிப்பதற்கே. 2022-ல் தமிழ்நாட்டில் மற்றோர் ஏற்பாடும் வந்தது. நோய் கண்டவுடனேயே எடையும் உயரமும் பார்த்து, பாதவீக்கம், மூச்சின் வேகம், பிடிப்பின்றி நிற்கும் சக்தி இவற்றைச் சோதித்து, மெலிந்து அபாயத்திலிருப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கின்றனர். க்ஷயத்தில் இறப்பவர் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலேயே இறப்பதுதான் இதற்குக் காரணம்.

ஆகாரத்தின் பலனும் சிறிதன்று. ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்ததில், அக்குடும்பங்களில் புதிதாக நோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்ததாக 2023-ல் வெளியாயிற்று. உணவுக்காக நோயாளிக்குச் சர்க்கார் தரும் மாதத் தொகை 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாயிற்று. இதைக் கேட்டுப் பெறாதவரும் உண்டு.

இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். கூட்டுறவுச் சங்கங்களே பெரும்பாலான ரேஷன் கடைகளை நடத்துகின்றன. போன மாதமும் இந்த மாதமும் வரிசையில் நின்று இருமியவர் யார் என்பது வைத்தியருக்கு முன்பே விற்பனையாளருக்குத் தெரியும்.