வயலைக் காக்கும் வௌவால்

செஞ்சிக்கு வடமேற்கே அவலூர்பேட்டை என்னும் ஊர் உளது. அதனைச் சூழ்ந்த நிலங்களில் நெல்லும் நிலக்கடலையும் விளைகின்றன. கதிரவன் மறைந்து உழவர் வீடு திரும்பும் வேளையில், பாறைப் பிளவுகளிலும் பனையோலைகளின் இடையிலும் பகலெல்லாம் ஒடுங்கிக் கிடந்த வௌவால்கள் இரை தேடிப் புறப்படுகின்றன.

வௌவாலை மக்கள் விரும்புவதில்லை. அது வீட்டினுள் நுழைந்தால் தீமை வருமென அஞ்சுவோரும் உளர். தோப்பில் கனிகளைத் தின்னும் பெரிய வௌவால் வேறு; பூச்சிகளையே உண்டு வாழும் இச்சிறு வௌவால் வேறு. பழந்தின்னியின்மேல் கொண்ட சினத்தை இதன்மேல் காட்டுவது முறையன்று.

நெற்பயிரின் பகைகளுள் தண்டுத்துளைப்பான் கொடியது. அதன் தாய் அந்துப்பூச்சி இரவில் பறந்து வந்து, இலை நுனியில் முட்டைகளைக் குவியலாக இடும். முட்டையினின்று வெளிவரும் புழு தண்டைத் துளைத்து உள்ளே புகும். இளம்பயிராயின் நடுக்குருத்துக் காயும். கதிர்விடும் பருவமாயின் மணியற்ற வெண்கதிரே எஞ்சும். தண்டினுள் புகுந்த புழுவை மருந்து எளிதில் எட்டாது. ஆதலின், முட்டையிடுமுன்பே அந்துப்பூச்சி அழிவது உழவருக்கு நலம். பகலெல்லாம் பூச்சி பிடித்த கரிச்சான் குருவி கூடடைந்துவிட்ட நேரம் அது. அப்பொழுது வேட்டையாட வல்லது வௌவாலே.

இருளில் அஃது இரையை அறிவது எங்ஙனம்? இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி, 1793-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வுகளில், கண்ணிழந்த வௌவால்களும் தடையின்றிப் பறப்பதைக் கண்டார். அவற்றைப் பின்னர்ப் பிடித்துப் பார்த்தபோது, வயிறு நிறையப் பூச்சிகள் இருந்தன! இதன் காரணம் விளங்க ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. வௌவால் நம் செவிக்கு எட்டாத நுண்ணொலியை எழுப்புகிறது என்பதை 1938-இல் அமெரிக்க மாணவர் கிரிஃபின் மெய்ப்பித்தார். பூச்சியின்மேல் பட்டு மீளும் எதிரொலியே அதற்கு வழிகாட்டி.

வௌவால் தீங்கற்ற பூச்சிகளையும் உண்ணும். பயிர்ப்பகை முழுவதையும் அதுவே ஒழித்துவிடும் என்பது மிகையுரை. ஆயினும், அஃது இல்லையாயின் நேர்வது யாதென்பதை அமெரிக்க உழவர் அறிந்தனர். 2006-இல் அந்நாட்டில் காணப்பட்ட ஒரு பூஞ்சை நோய், குளிர்காலத்தில் துயிலும் வௌவால்களை இலட்சக்கணக்கில் மாய்த்தது. நோய் பரவிய மாவட்டங்களில் உழவர் இட்ட பூச்சிக்கொல்லி ஏறத்தாழ 31 விழுக்காடு மிகுந்ததென 2024-இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. வௌவால் விலையின்றிச் செய்த பணிக்கு நஞ்சை விலைகொடுத்து வாங்க நேர்ந்தது.

வௌவால் பெரும்பாலும் ஆண்டிற்கு ஓரிரு குட்டிகளே ஈனும். பாழ்மண்டபத்தில் ஒருநாள் புகைமூட்டி அழித்த கூட்டம் மீண்டும் பெருகப் பல ஆண்டுகள் ஆகும்.