எட்டு மாதமும் இருபது வருடமும்

1982-இல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்டுக்கு வயிற்றுச் சவ்வில் மீசோதீலியோமா என்ற அபூர்வப் புற்றுநோய். மருத்துவ நூல்கள் சொன்ன இடைநிலை ஆயுள் 8 மாதம். அவர் கணக்கை இன்னொரு தடவை பார்த்தார். இடைநிலைன்னா பாதிப் பேர் அதற்குள் இறந்துவிடுகிறார்கள். மீதிப் பாதி? அந்த வரைபடத்தின் வால் வலது பக்கம் நீண்டுகிட்டே போகுது. (புள்ளியியல் வகுப்பில் தூங்குறவங்க கவனிக்க!) சிகிச்சை எடுத்து, 2002 வரை எழுதிக்கொண்டே வாழ்ந்தார்.

கூல்டு பக்தர் இல்லை. கிடைத்த வருடங்களை எதை நம்பி வாழ்வது என்பதைக் கணக்கு சொல்லாது. அதுக்கு நமக்கு அப்பர் இருக்கிறார். சூலை நோயோடு தமக்கை திலகவதியாரிடம் போனார். அவர் திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பாடிய முதல் பதிகத்தில் அப்பர் வலியை மறைக்கவே இல்லை, சிவனிடமே முறையிடுகிறார். முறையிடுவதும் பக்திதான்னு நான் நினைக்கிறேன். பிறகு உழவாரத்தைக் கையில் எடுத்தார்.

இதைப் படிச்சிட்டு மருந்தை நிறுத்தச் சொல்லிடாதீங்க! நம்ம கிளையில் யாருக்காவது நீண்டகாலச் சிகிச்சை நடந்தா, ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் நாளில் பக்கத்தில் போய் உட்காருங்க. அவர் கேட்டால் பதிகம் பாடுங்க.

அடுத்த வகுப்புக்கு அந்தப் பதிகத்தைப் படித்து, அப்பர் வலியைச் சொல்லும் வரிகளைப் பென்சிலால் கோடிட்டு வாங்க.