ஓடும்போதே மின்னேற்றும் சாலை: வணிகர் கண்ணோட்டத்தில் ஒரு கணக்கு

சரக்கைக் கிட்டங்கியில் குவித்து வைத்தால் முதல் முடங்கும் என்பது வணிகர்களாகிய நாம் அனைவரும் அறிந்ததே. மொத்த வியாபாரி நாள்தோறும் சரக்கு அனுப்புவார் என்ற உறுதி இருந்தால் கடையில் சிறிது இருப்பே போதும். மின்சார வண்டிக்கும் இதே கணக்குதான். பாட்டரி என்பது இருப்பில் வைத்த மின்சாரம். அது பெரிதானால் வண்டியின் விலை கூடும். எடையும் கூடுவதால் ஏற்றும் சரக்கு குறையும். வழியிலேயே மின்சாரம் கிடைத்தால் சிறிய பாட்டரி போதாதா? இந்தக் கேள்விக்கு விடையாக எழுந்ததே, வண்டி ஓடும்போதே மின்னேற்றும் சாலை.

வேலை செய்யும் முறை

1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டலே இதற்கு அடிப்படை. தார்ப் பரப்பின் அடியில் செம்புக் கம்பிச் சுருள்களைப் புதைக்கிறார்கள். அவற்றில் மாறுதிசை மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகிறது. வண்டியின் அடிப்பாகத்திலுள்ள சுருள் அதைக் கடக்கையில் அதில் மின்சாரம் பிறக்கிறது. கம்பித் தொடர்பு தேவையில்லை. உரிய வண்டி மேலே வரும்போது மட்டுமே அந்தப் பகுதிக்கு மின்சாரம் விடப்படுகிறது.

கொரியாவின் அனுபவம்

தென்கொரியாவின் குமி நகரில் 2013-ல் இத்தகைய இரண்டு பஸ்கள் விடப்பட்டன. கைஸ்ட் என்னும் உயர்கல்வி நிறுவனம் உருவாக்கிய முறை இது. போக வர 24 கி.மீ. தடம். சாலைக்கும் பஸ்ஸின் அடிப்பாகத்துக்கும் 17 செ.மீ. இடைவெளி. 100 கிலோவாட் வரை மின்சாரம் கிடைத்தது. தடம் முழுவதும் சுருள் புதைக்க வேண்டியதில்லை; 5 முதல் 15 சதவீதம் போதும் என்பதே இதன் சிறப்பு. சேதாரமும் உண்டு. மிகச் சிறந்த நிலையிலும் 85 சதவீதமே பஸ்ஸுக்குச் சேர்ந்தது. நூறு யூனிட்டில் பதினைந்து வழியிலேயே போய்விடும்.

நெடுஞ்சாலையில் வரவு செலவு

பிரான்சில் பாரிசுக்குத் தென்மேற்கே ஏ10 நெடுஞ்சாலையில் 1.5 கி.மீ. தூரம் சுருள் புதைத்து, 2025-ல் லாரி, பஸ், கார், வேன் ஆகியவற்றை ஓட்டிச் சோதித்தனர். சராசரியாக 200 கிலோவாட்டுக்கு மேல் கிடைத்தது. இதை நம் பேரேட்டில் எழுதிப் பார்ப்போம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் இத்தூரத்தைக் கடக்க ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிட வரவு மூன்று யூனிட்டுக்குச் சற்று அதிகம். கனரக லாரிக்குக் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் செலவு. ஆக, அந்தத் தூரத்தின் செலவு போகக் கையில் நிற்பது ஒன்றிரண்டு யூனிட்டே. வேகமாகப் போகும் வண்டிக்குப் பயன் தர வேண்டுமானால் சுருள் நெடுந்தூரம் வேண்டும். நெடுந்தூரம் என்றால் பெருமுதல் வேண்டும்.

சுவீடன் இதை நேரில் கண்டது. ஹால்ஸ்பெர்க், ஓரெப்ரோ நகரங்களுக்கிடையே சுமார் 21 கி.மீ. நிரந்தர மின்சாலை அமைக்கத் திட்டமிட்டது. எந்த முறையில் அமைப்பது என்பதை டெண்டருக்கே விட்டிருந்தது. வந்த விலைகள் ஒதுக்கிய நிதியை மிஞ்சியதால் 2023-ல் அந்த டெண்டர் கைவிடப்பட்டது.

நமக்குரிய பாடம்

ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடி, நின்று நின்று செல்லும் வண்டிக்கே இம்முறை முதலில் கட்டுப்படியாகும். மேலும், வண்டிகள் பெருகாமல் சாலைக்கு முதல் போட எவரும் துணியார்; சாலை வராமல் வண்டிக்குச் சுருள் பொருத்தவும் எவரும் முன்வரார். இந்த முடிச்சு அவிழ நாளாகும்.

ஆகவே, மின்சார வண்டி வாங்க எண்ணும் அன்பர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மார்க்கெட்டுக்கும் கடைக்குமாக நாளொன்றுக்கு எத்தனை கி.மீ. ஓடுகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். முழுச் சுமையுடன் எவ்வளவு தூரம் ஓடும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். இரவில் வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு அந்தப் பளுவைத் தாங்குமா என்று பாருங்கள். நாள் ஓட்டத்துக்கு வேண்டியதும், அவசரத்துக்குச் சிறிது கூடுதலும் தரும் பாட்டரியே போதும். அதற்கு மேல் வாங்குவது, விற்காத சரக்கை வாங்கி அடுக்குவதற்கு ஒப்பாகும்.